சாம்பலி படுத்த இடம்

குன்னூரில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பனித்துளி அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்கு மாசி பிறக்கும்வரை வெயில் வராது. அந்த வெயில் வராத கார் நிறுத்துமிடத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், வெறும் சிமெண்ட் தரையில் சாம்பலி என்கிற கிழட்டுப் பூனை செத்துப்போனது, செத்த பிறகும் அது படுத்திருந்த இடம் ஆறவில்லை.

முதலில் பார்த்தவள் தவமணி. முதல் மாடியில் குடியிருந்தாள். தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வேகவைத்த மத்தி மீனைப் பழைய சோற்றில் பிசைந்து அலுமினியத் தட்டில் கொண்டுவந்து வைப்பதும், சாயங்காலம் வந்ததும் தட்டைக் கழுவி எடுத்துப்போவதும் அவள் வழக்கம். அந்தப் பூனைகளை யாரும் வளர்க்கவில்லை. சீசனுக்கு வாடகைக்கு வந்தவர்கள் பிள்ளைகள் விளையாட வாங்கி, சீசன் முடிந்ததும் விட்டுவிட்டுப் போனவை, வீடு காலி செய்தவர்கள் லாரியில் ஏற்ற இடமில்லாமல் இறக்கிவிட்டவை, அவை போட்ட குட்டிகள், அந்தக் குட்டிகள் போட்ட குட்டிகள் என்று சுவரில் பாசி பிடிப்பதுபோல அந்தக் கட்டிடத்தில் பூனை பிடித்திருந்தது. ஜெனரேட்டர் அறைக் கதவின் அடிப்பலகை உடைந்திருந்ததால் எல்லாம் உள்ளே போய் எஞ்சின் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் குளிர்காலத்தைக் கழித்துவந்தன.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே குடியிருப்போர் சங்கம் கூடியது. நாற்றம் என்றார்கள், மயிர் என்றார்கள், யாருடைய காரின் சீட் உறையோ கிழிந்திருந்தது. உடைந்த பலகைக்கு இரும்பு வலை அடித்துவிடுவது என்று முடிவானது. சங்கச் செயலாளர் வரதராஜுலு, தேயிலைக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கெட்ட மனிதர் இல்லை, யார் வீட்டில் குழாய் கசிந்தாலும் தானே ஸ்பேனரோடு வந்து நிற்பவர்.

"பனி முடியட்டும் சார், அப்புறம் அடைங்க" என்றாள் தவமணி.

"பனிக்காலத்துலதானே மேடம் அதுங்க உள்ள வருது. அப்ப அடைக்காம எப்ப அடைக்கிறது?" என்றார் அவர். கூட்டம் கலைந்தது, வலை வந்தது.

பூனைகள் சில நாள் வலைக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக எங்கோ போயின. சில மார்க்கெட் பக்கம் ஏறிப்போயின, சில கீழே ஓடைப் பக்கம் இறங்கிப்போயின, குட்டி போட்டிருந்த ஒரு தாய்ப்பூனை மட்டும் போகாமல் இருந்து, இரை தேடி மேல் ரோட்டுக்குப் போன இடத்தில் கேரட் லாரியில் அடிபட்டது. அதன் குட்டிகள் மூன்றும் கண் திறந்து கொஞ்ச நாளே ஆகியிருக்க, மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்தன. பிள்ளை பெறுகிற வயதெல்லாம் என்றோ கடந்து, மடியில் சொட்டுப் பாலில்லாத சாம்பலி, பல் போன வாயால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிவந்து, தரையில் வைத்து, சுற்றி வளைந்து படுத்துக்கொண்டது.

தவமணி ஒரு சாக்கும் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் குப்பை வண்டியோடு அவை போய்விட்டன. வீட்டுக்குள் தூக்கிப்போக வழியில்லை, அவள் கணவன் ஞானசேகருக்குப் பூனை மயிர் பட்டால் மூச்சு இழுக்கும், ஒருமுறை ஆஸ்பத்திரிவரை போய்வந்திருந்தான். எனவே பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைப்பதும், சாம்பலிக்குச் சோறு வைப்பதும், மேலே போய்ப் படுத்து, கீழே குளிர் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்காமல் கிடப்பதுமாக அவள் அந்த நாட்களைக் கழித்தாள்.

அன்று காலை அவள் தட்டோடு வந்தபோது சாம்பலி வளைந்தபடியே பலகைபோல் விறைத்திருந்தது. வளையத்துக்கு நடுவே மூன்று குட்டிகளும் சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஞானசேகர் மண்வெட்டி எடுத்துவந்து, காம்பவுண்ட் ஓரத்தில் பனியில் இறுகிப்போன மண்ணைக் கொத்திக் குழி தோண்டினான். புதைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது குட்டிகள், சுற்றி யாரும் இல்லாமலேயே, அதே இடத்தில் அதே வளைவில் படுத்திருந்தன. தவமணி தரையில் கை வைத்தாள். இப்போதுதான் எழுந்துபோன உடம்பின் சூடு அங்கே இருந்தது.

"என்னங்க, இங்க கை வச்சுப் பாருங்க."

ஞானசேகர் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தான். "குட்டிங்க சூடா இருக்கும்."

"குட்டிங்க இல்லாத பக்கத்துலயும் இருக்கு."

அவன் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு, "இருக்கட்டும். அதுங்களுக்கு வேணும்ல" என்று சொல்லிவிட்டு, சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகத் தன் வேனைக் கிளப்பப் போனான்.

சாயங்காலமும் அந்தச் சூடு இருந்தது. மறுநாளும் இருந்தது. தளம் முழுக்க ஓதம் பிடித்து நீர் கசிந்து கிடக்க, அந்த ஒரு முறம் அளவு இடம் மட்டும் உலர்ந்து வெளிறித் தெரிந்தது. பனி தொட்டிவரை வந்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அப்பால் போனது.

வரதராஜுலுவின் மனைவி கஸ்தூரி ஒருநாள் காரிலிருந்து இறங்கும்போது செருப்பு கழன்று வெறுங்காலை அங்கே ஊன்றினாள். ஊன்றியவள் வாங்கிவந்த காய்கறிப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்தபோது வீட்டுக்குப் போய், மூடிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். குன்னூர்க் குளிரில் தோசைமாவு புளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை, கம்பளியில் சுற்றிவைப்பார்கள், ஹாட்பாக்ஸில் வைப்பார்கள், அடுப்பு மேடையில் வைத்து அடிக்கடி எழுந்து பார்ப்பார்கள், அப்படியும் காலையில் அரைத்தது அரைத்தபடி மொழுக்கென்று கிடக்கும். கஸ்தூரியின் மாவு மறுநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு எல்லா மாடியிலிருந்தும் பாத்திரங்கள் இறங்கிவந்தன. மாவு வந்தது, உறை ஊற்றிய தயிர் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காயாத காலுறைகள் வந்தன, கடைசியில் முட்டிவலிக்காரர்கள் நாற்காலியோடு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பிளம்பர் வந்து வெந்நீர்க் குழாய் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை என்றான். எலக்ட்ரீசியன் வந்து மின்கசிவு இல்லை என்றான். இரண்டாம் மாடியில் இருந்த இன்ஜினியர் பூமிக்கு அடியில் வெந்நீர் ஊற்று ஓடலாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள், யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வண்டி நிறுத்துகிற இடத்தில் கோயில் வேண்டாம் என்று வரதராஜுலு இரண்டையும் துடைத்தார். சில நாளில் காரணம் கேட்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். லிஃப்ட் எதனால் ஏறுகிறது என்று கேட்காதவர்கள் தரை எதனால் சுடுகிறது என்றும் கேட்கவில்லை. "பூனை படுத்த இடத்துல வச்சிட்டு வா" என்று சொல்வது "ஃபிரிட்ஜில் வை" என்று சொல்வதுபோல ஆகிவிட்டது.

அந்த ஆரம்ப நாட்களில் தவமணி சந்தோஷமாக இருந்தாள். பாத்திரங்களுக்கு இடையில் குட்டிகள் சுருண்டு கிடந்தன. முன்பு காலால் தள்ளியவர்கள் இப்போது காலைத் தூக்கித் தாண்டிப் போனார்கள். மஞ்சள் குட்டி, கறுப்பும் வெள்ளையும் கலந்த குட்டி, சாம்பலி நிறத்திலேயே ஒரு சின்னக் குட்டி, மூன்றுக்கும் வயிறு உருண்டது. கஸ்தூரிகூட ஒருநாள், "தள்ளிப் படு கண்ணு, பாத்திரம் சாயுது" என்றதைத் தவமணி படியில் நின்று கேட்டாள்.

பிறகு மஞ்சள் குட்டி ஒரு வீட்டின் மாவில் விழுந்தது. மாவைக் கொட்டினார்கள். மயிரெல்லாம் மாவு காய்ந்து முள்முள்ளாக நின்ற குட்டியைத் தவமணி வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். அன்றிலிருந்து தொட்டி ஓரத்தில் ஒரு விளக்குமாறு சாத்திவைக்கப்பட்டது.

மூன்றாம் மாடியில் சபூரா இருந்தாள், சின்னப் பெண், புருஷன் கத்தாரில் வேலை பார்த்தான். அவளுக்கு மாதம் நிறையுமுன்னே பெண்குழந்தை பிறந்திருந்தது. குளிர் படாமல் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்திருந்தார்கள். காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போன ஒரு மத்தியானம், ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படி விளக்குக்கும் மட்டும் என்பதால் ஹீட்டர் நின்றுபோய், குழந்தையின் உதடு நீலம் பாரித்து, சபூரா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் படியில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமையானதால் வீட்டில் இருந்து, மொட்டைமாடிக்குப் போக ஏறிவந்த தவமணிதான் பார்த்தாள்.

"கீழ வா. பாப்பாவத் தூக்கிட்டுக் கீழ வா" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், பாத்திரங்களைத் தள்ளிவைத்து, குட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்தாள். சபூரா குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். குட்டிகள் அவள் பாதத்தின்மேல் ஏறிப் படுத்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் முகத்தில் ரத்தம் வந்தது. அது கொட்டாவி விட்டது. சபூரா அப்போதுதான் அழுதாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் பாத்திரங்களைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

அந்தக் குழந்தைக்காகத் தார்ப்பாய் கட்டினார்கள். பிரம்பு நாற்காலி போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவேளைச் சாப்பாடு சபூராவுக்கு வந்தது. அந்தக் கட்டிடம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த ஒற்றுமையோடுதான் எல்லாரும் அங்கேயே கூடியபோது வரதராஜுலு பேசினார்.

"மேடம், பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துல பூனை இருக்கக்கூடாது. மயிரு மூக்குல போகும், ஏதாவது தொத்திக்கும். குழந்தை முக்கியமா பூனை முக்கியமா, நீங்களே சொல்லுங்க."

"குழந்தைதான் சார் முக்கியம்" என்றாள் தவமணி. "நான்தானே கூட்டிட்டு வந்தேன். பகல் பூரா பாப்பா இருக்கட்டும், முட்டிவலிக்காரங்க உட்காரட்டும். ராத்திரிக்குப் பாப்பா எப்படியும் மேல போயிடுது. ராத்திரி மட்டும் குட்டிங்களுக்கு விட்டுடுங்க."

கஸ்தூரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ராத்திரியிலதானே தவமணி மாவு புளிக்கணும்."

அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. அது நிஜந்தான் என்று எல்லாருக்கும் பட்டது.

"எங் கால்மேலதான் சார் அதுங்க படுத்திருக்கும்" என்றாள் சபூரா. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அதுங்க இருக்கட்டும்."

"நீ சின்னப் பொண்ணும்மா, உனக்குத் தெரியாது" என்றார் வரதராஜுலு அன்பாக.

தவமணி குட்டிகளை முந்தானையில் வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஞானசேகர் அவளையும் முந்தானையையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கம்பளியையும் தலையணையையும் எடுத்துக்கொண்டான்.

"நான் வண்டியிலயே படுத்துக்கறேன்."

"அந்தக் குளிர்லயா?"

"எனக்குக் கம்பளி இருக்கு" என்று படியிறங்கிப் போனான்.

தவமணி தெரிந்ததெல்லாம் செய்தாள். அட்டைப்பெட்டிக்குள் பழைய ஸ்வெட்டரை விரித்தாள், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்தாள், மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள், லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெட்டிக்குள் கதகதப்பாக இருந்தது, கை விட்டுப் பார்த்தால் கீழே இருந்த சூட்டைவிட அதிகமாகவே இருந்தது, ஆனால் குட்டிகள் அந்தச் சூட்டை வேண்டவில்லை. பெட்டியைச் சுரண்டி ஏறிக் குதித்தன, கதவடியில் போய் நின்று கத்தின, கதவு திறந்த இடைவெளியில் நழுவிப் படிப்படியாக உருண்டு கீழே போயின. கீழே நாற்காலிக்கால்களும் மனிதக்கால்களும் பாத்திரங்களும் இருந்தன, விளக்குமாறும் இருந்தது. துரத்தப்பட்டவை கார்களுக்கு அடியில் ஓடும், தவமணி தரையில் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எடுத்து மேலே கொண்டுவருவாள், மறுபடி கதவடியில் கத்தும், மறுபடி நழுவும். பாலைக் குடிப்பதைக் குறைத்தன. உருண்டிருந்த வயிறு ஒட்டியது.

மஞ்சள் குட்டி அவள் மடியில் இருந்தபோதே போனது. திரியில் பால் சொட்டிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

அன்று காலை கீழே ஓரத்தில் வைத்திருந்த பாத்திரங்களில் மாவு புளிக்கவில்லை. முறம் அளவு இருந்த இடம் தாம்பாளம் அளவுக்குச் சுருங்கி, சுற்றிலும் ஓதம் ஏறியிருந்தது. கூட்டம் அதிகமாகிவிட்டது, செருப்புக் காலோடு மிதிக்கிறார்கள், தீட்டோடு யாரோ வந்திருக்கிறார்கள், கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

சபூரா மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் மாடியில் வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, குட்டிங்க நல்லாருக்கா?"

"மஞ்சக்குட்டி போயிடுச்சு சபூரா."

சபூரா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குக் காலையில என் இடுப்புக்குக் கீழ சில்லுனு ஆச்சு. அப்பவே மனசுக்குள்ள ஏதோ பண்ணுச்சு." பிறகு குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அந்தச் சூடு சாம்பலி இதுங்களுக்கு வச்சிட்டுப் போனது அக்கா. எம் புள்ள எடுத்துக்கிச்சு."

"பாப்பா என்ன பண்ணும்? பாப்பாவும் குட்டிதானே" என்றாள் தவமணி.

சபூரா கீழே போய் எல்லாரிடமும் சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்பு, ராத்திரித் தூக்கமில்லை, ஏதோ பேசுகிறது என்று பரிதாபப்பட்டார்கள். அவள் அன்றிலிருந்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை. குழந்தை அதற்குள் எடை கூடியிருந்தது, இனி பயமில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். காலியான நாற்காலியில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

கறுப்புவெள்ளைக் குட்டி விளக்குமாற்றுக்குப் பயந்து ஓடிய ஒரு மூடுபனிக் காலையில் காணாமல் போனது. தவமணியும் ஞானசேகரும் ஓடைவரை இறங்கித் தேடினார்கள். அவனுக்கு இருமல் வந்து வந்து உட்கார்ந்து எழுந்தான். மழைநீர்க் கால்வாயில், சருகுகளுக்கு நடுவில், நனைந்த துணிபோலக் கிடந்தது. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாம்பாளம் ஒரு சாஸர் அளவாகியிருந்தது. தவமணியின் கையில் இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் கண் பட்டதாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலைக்குள் அந்தக் கட்டிடம் மாறியது. வரதராஜுலு தன் குறடை எடுத்துவந்து, ஜெனரேட்டர் அறையின் இரும்பு வலையைக் கை கிழிய அவரே பிடுங்கினார். பாத்திரங்கள் போயின, நாற்காலி போனது, விளக்குமாற்றை யாரோ எங்கோ கொண்டுபோய்ப் போட்டார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் பால் வந்தது, முள்ளெடுத்த மீன் வந்தது, கஸ்தூரியின் காஷ்மீர் சால்வை நாலாக மடித்துப் போடப்பட்டது, வண்டி அனுப்பி மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்துவந்தார்கள். மிச்சமிருந்தது சாம்பல் நிறக் குட்டி ஒன்றுதான். அது கதவிடுக்கில் நழுவிக் கீழே வந்து, இத்தனை பேரைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரில் இருந்த பொந்துக்குள் போய்விட்டது.

எல்லாரும் கூப்பிட்டார்கள். ச்சூ ச்சூ என்றும், கண்ணு வா, தங்கம் வா, ராஜா வா என்றும், மூடுபனிக்குள் பெரியவர்களும் பிள்ளைகளும் மண்டியிட்டு, குனிந்து, கெஞ்சி, வெள்ளிக் கிண்ணத்தை விரலால் தட்டிக் கூப்பிட்டார்கள். அது வரவில்லை. அதே வாய்கள்தான் நேற்றுவரை துரத்தியிருந்தன. கூப்பிடுகிற குரல் எது, விரட்டுகிற குரல் எது என்று பிரித்துப் பார்க்க அதற்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"நீங்க கூப்பிட்டா வரும் மேடம்" என்றார் வரதராஜுலு. அவர் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. "தப்பு எங்க மேலதான். நீங்க கூப்பிடுங்க."

தவமணிக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தாள். "எல்லாரும் மேல போங்க" என்றாள்.

அவர்கள் போனார்கள். படிகளில் ஒருவர் பின் ஒருவராக நின்று, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூப்பிடவில்லை. பொந்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தபால் நிலையத்தில் நடந்தது, மீன்காரம்மா சொன்னது, ஞானசேகருக்கு இருமல் குறையாதது என்று வாய்க்கு வந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுது தாண்டியபோது குட்டி வெளியே வந்தது. கையில் எடுத்தால் எலும்புகூடக் கனக்கவில்லை. கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள். சூடு இப்போது அவள் உள்ளங்கை அளவே இருந்தது. குட்டி சுருண்டு பார்த்தது, எப்படிச் சுருண்டாலும் உடம்பில் பாதி ஈரச் சிமெண்டில் கிடந்தது. எழுந்து, சுற்றி, மறுபடி படுத்து, மறுபடி எழுந்தது.

தவமணி பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்து, குட்டி நடுவில் இருக்கும்படி தன்னை ஒரு வளையமாக ஆக்கிக்கொண்டாள். தரையின் குளிர் இடுப்பெலும்பில் ஏறியது, தோளில் ஏறியது, ஒரு பக்கத்துக் காதில் ஏறியது. முந்தானையைக் குட்டிமேல் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அதன் தொண்டையில் குறுகுறுவென்று சத்தம் தொடங்கியது. அந்தச் சத்தம் அவள் வயிற்றுக்குள் கேட்டது.

படிகளில் நின்றவர்களால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கஸ்தூரி இறங்கிவந்து சால்வையைத் தவமணிமேல் போட்டாள். இன்னொருத்தி கம்பளி கொண்டுவந்தாள். ஒருவர் மஃப்ளரை அவிழ்த்து அவள் பாதங்களைச் சுற்றினார். சபூரா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முதுகு தவமணியின் முதுகோடு ஒட்டும்படி உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை, எந்த அடுப்பும் எரியவில்லை, மூடுபனி கார்களை மறைத்து, தொட்டியை மறைத்து, மனிதர்களின் கால்களை மறைத்து, அவள் படுத்திருந்த இடத்தின்மேலும் வந்து நின்றது. பனி அங்கே வந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

குறுகுறுப்பு நின்று நின்று கேட்டது, பிறகு கேட்கவில்லை. தவமணி அசையவில்லை. குட்டி தூங்கிவிட்டது என்று மற்றவர்கள் ஒருவருக்கொருவர் ஜாடையில் சொல்லிக்கொண்டார்கள்.

ஞானசேகர் சவாரி முடித்து வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குந்தினான். முந்தானைக்குள் கை விட்டுக் குட்டியைத் தொட்டான், அப்படியே கையை நகர்த்தித் தரையைத் தொட்டான்.

"எழுந்திரு தவம்" என்றான். "தரை சில்லுனு இருக்கு."

அவள் எழுந்து உட்கார நேரமானது, ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது. குட்டியை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். போர்த்தியிருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. கஸ்தூரி நடு இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினாள். ஒவ்வொருவராகக் குனிந்து தொட்டார்கள். துக்கவீட்டில் கடைசியாகக் காலைத் தொட்டு வணங்குவதுபோல இருந்தது.

வரதராஜுலுதான் முதலில் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தவமணி வளைந்து படுத்திருந்த இடத்தில், அவள் முதுகு பட்ட இடத்தில், இடுப்பு பட்ட இடத்தில் தடவித் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இருக்கு" என்றார் மெதுவாக. "இங்க இருக்கு."

எல்லாரும் அங்கே குனிந்தார்கள். எல்லாருடைய கைகளும் தரையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரவின. தவமணியும் ஒரு கையால் குட்டியை அணைத்தபடி மறுகையை நீட்டினாள். அந்தக் கைகளுக்கு அடியிலேயே அது ஆறிக்கொண்டிருந்தது. எழுந்துபோன எந்த உடம்பின் சூடும் ஆறுவதுபோல, முதலில் ஓரம், பிறகு நடு, பிறகு எதுவும் இல்லை.

"இல்லக்கா" என்றாள் சபூரா.

மற்றவர்கள் கைகளை எடுத்துக்கொண்டார்கள். தவமணி மட்டும், மத்தியானத்திலிருந்து தான் படுத்துக் கிடந்த அந்தத் தரையில் இன்னும் கையை வைத்திருந்தாள். ஞானசேகர் இருமலை அடக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் காத்திருந்தான்.